உப்புக்காற்று ஊரில் பைக்குக்கு வெளிப் பார்ட்ஸ்: எதை முதலில் போடுவது, எதைத் தொடக்கூடாது

புது பைக் எடுத்து மூன்று மாதம் ஆவதற்குள் "அண்ணே, இதுல என்ன மாத்தலாம்?" என்று வெளிப் பார்ட்ஸ் (வண்டியோடு வராமல் நாமே கடையில் வாங்கி மாட்டுபவை) பற்றிக் கேட்கிற தம்பிகள் நம் ராமநாதபுரம் கரையோரத்தில் நிறையப் பேர். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி, இந்தப் பக்கம் மண்டபம், பாம்பன் என்று எங்கே போனாலும் இதே கேள்விதான். அவர்கள் பார்த்துவிட்டு வருகிற வீடியோக்களில் பெரும்பாலானவை பெங்களூரிலும் புனேயிலும் எடுத்தவை. அவற்றில் சைலன்சர் முதலில் வரும், பிறகு ஹேண்டில்பார், பிறகு பளபளக்கும் லைட். அந்த வரிசை நம்மூருக்கு ஒத்துவராது. இங்கே வண்டியைத் தின்பவை உப்பு, மணல், கருவேல முள். கையில் இருக்கிற காசை இந்த மூன்றையும் தடுக்கப் போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் அழகுக்குப் போடலாம்.

உப்பு என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்தை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்துத்தான் கட்டினார்கள். அதே காற்றில்தான் உங்கள் வண்டியும் ராத்திரி முழுக்க வாசலில் நிற்கிறது.

வாங்குவதற்கு முன் இரண்டு தாள்

ஆர்.சி.யையும், வண்டியோடு வந்த கையேட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். அதனால் இன்ஜினை மாற்றுவது, ஃபிரேமை அறுப்பது, வெல்டிங் வைப்பது எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. வண்டியின் நிறத்தை மாற்றுவதானால் முதலில் ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின் சக்கரத்தின் சேலைக் கார்டு, பின்னால் உட்காருகிறவர் பிடிக்கும் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் ஆகிய மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி கட்டாயமாக்கியவை. பையன்கள் முதலில் கழற்றி எறிவது சேலைக் கார்டைத்தான். ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கும் ராமேஸ்வரத்து ஆடி அமாவாசைக்கும் வீட்டுப் பெண்களை உட்காரவைத்துப் போகிற வண்டி இது. முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கார்டை யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

கையேட்டிலிருந்து நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: டயர் அளவு, செயின் தொய்வு, பிரேக் ஆயில் வகை, முக்கியமான போல்ட்களுக்கான டார்க் அளவு (எவ்வளவு இறுக்கி முறுக்க வேண்டும் என்ற கணக்கு). இந்தத் தாள் இல்லாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு வரும்.

முதலில் கழுவுங்கள்

எந்தப் பார்ட்ஸும் வாங்குவதற்கு முன் வண்டியை ஒழுங்காகக் கழுவிப் பாருங்கள். கரையோரத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதை அடித்துக் கழுவி வெயிலில் விட்டால் வண்டி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படியும். உப்பை எடுக்கப்போய் உப்பைப் பூசிய கதையாகிவிடும். உவர்த் தண்ணீரில் கழுவினாலும் பரவாயில்லை, கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் ஒரு குடம், இல்லையென்றால் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் போதும். மேலிருந்து மெதுவாக ஊற்றி, செயின் பக்கம், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், மட்கார்டின் உள்பக்கம், ரேடியேட்டர் இருந்தால் அதன் இடுக்கு என்று உப்பு ஒளியும் இடங்களில் படும்படி விடுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை வீல் பேரிங், ஹேண்டில் பேரிங், ஸ்விட்ச் பக்கம் நேராக நீட்டவிடாதீர்கள். கிரீஸ் வெளியே போய் உப்புத் தண்ணீர் உள்ளே போகும்.

காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஹெட்லைட்டின் பின்னால் உள்ள ரப்பர் மூடியை விலக்கி, சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பித்தளை முனைகள் மஞ்சளாக மின்னினால் நல்லது. நம் ஊர் வண்டிகளில் ஒரு வருடத்திலேயே அங்கே மயில்துத்த நிறத்தில் பச்சைப் பொடி பூத்திருக்கும். விரலால் தொட்டால் உதிரும். லைட் மங்கலாக எரிகிறது என்று புது பல்பு வாங்க வருகிற பலருக்கு உண்மையில் இதைச் சுத்தம் செய்தாலே போதும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காய்ந்த பிறகு டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (கரண்டைக் கடத்தாத, ஈரத்தைத் தடுக்கும் கிரீஸ்) லேசாகத் தடவி மாட்டுங்கள். லைட் வாங்க வைத்திருந்த காசு அப்படியே மிஞ்சும்.

அலுமினிய பாகங்களில் வெள்ளைப் பொடி, இரும்பில் செந்துரு, வயரில் பச்சை. இவற்றை எங்கெங்கே பார்த்தீர்கள் என்று குறித்து வைத்தால், எந்தப் பார்ட்ஸை முதலில் மாற்ற வேண்டும் என்பதை வண்டியே சொல்லிவிடும். பார்த்து முடித்ததும் மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்பிரே ஒன்றை ஃபிரேமின் அடிப்பக்கம், ஸ்டாண்டு, போல்ட் தலைகளில் அடித்துவிடுங்கள். டிஸ்க், பிரேக் பேட், டயர், ஃபுட்ரெஸ்ட் ஆகிய இடங்களில் ஒரு துளிகூடப் படக்கூடாது.

போல்ட், நட்டு: சின்னச் செலவு, பெரிய வித்தியாசம்

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் மாற்றம் இதுதான். அழகு கவர்களையும் மட்கார்டையும் பிடிக்கும் சின்ன போல்ட்கள் துருப்பிடித்துத் தலை மழுங்கிவிட்டால், நாளைக்கு எந்த வேலை செய்வதற்கும் அவை தடையாக நிற்கும். அவற்றை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றலாம். கடையில் "எஸ்.எஸ். போல்ட்" என்று கேட்டால் எதையோ தருவார்கள், தலையில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். ஏ2 என்றிருந்தால் 304 ரகம், ஏ4 என்றிருந்தால் 316 ரகம். 316இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். விலை கொஞ்சம் கூடத்தான். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டியே இருப்பவர்கள் ஏ4 வாங்குங்கள். பரமக்குடிப் பக்கம் உள்ளே இருப்பவர்களுக்கு ஏ2 போதும்.

இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன, இரண்டையும் புரிந்துகொண்டால்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

ஒன்று, எல்லா போல்ட்டையும் மாற்றக்கூடாது. தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த போல்ட்கள் பலத்துக்காகப் போட்டவை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட் 8.8ஐ விடப் பலம் குறைந்தது. பிரேக் காலிப்பர், டிஸ்க், ஆக்சில், ஸ்பிராக்கெட், ஹேண்டில் கிளாம்ப், இன்ஜின் மவுண்டு, ஷாக் அப்சார்பர் ஆகியவற்றின் போல்ட்களைப் பளபளப்புக்காக மாற்றவே கூடாது. அவை துருப்பிடித்திருந்தால் அதே கம்பெனி பார்ட்ஸைப் புதிதாக வாங்கிப் போடுங்கள்.

இரண்டாவது, ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். இன்ஜின் கவர் அலுமினியம். வெறும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அதில் முறுக்கிவிட்டு ஒரு மழைக்காலம் கழித்துக் கழற்றினால், போல்ட்டோடு மரையும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக வெளியே வரும். அதனால் மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் (போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) மெல்லியதாகத் தடவித்தான் போட வேண்டும். பேஸ்ட் தடவிய மரை வழுக்கும். கையேட்டில் உள்ள டார்க் காய்ந்த மரைக்கானது என்பதால் நாலில் ஒரு பங்கு குறைத்து முறுக்குங்கள். எம்6 (6 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டுக்கு வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் வரும். அது கைமணிக்கட்டு பலம், தோள் பலம் அல்ல. ஒரு சின்ன டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். நீங்கள் வாங்கும் வெளிப் பார்ட்ஸிலேயே அதிக நாள் உழைக்கப்போவது அதுதான்.

போல்ட்டைக் கழற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே இடத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இன்ஜின் கவரில் போல்ட் நீளம் இடத்துக்கு இடம் மாறும்.

டயர்: கருவேல முள்ளுக்குப் பதில்

ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டோரம் வெட்டிப் போட்ட கிளை, கரி மூட்டம் போடப் போகும் வண்டியிலிருந்து உதிர்ந்த குச்சி, கண்மாய்க் கரை என்று எங்கும் முள்தான். டியூப் உள்ள டயரில் குத்தினால் காற்று ஒரேயடியாக இறங்கி வண்டி ஆடும். டியூப்லெஸ் டயரில் முள் குத்திய இடத்திலேயே இருந்து மெதுவாகத்தான் இறங்கும். அலாய் வீல் உள்ள வண்டிகள் பெரும்பாலும் டியூப்லெஸ்தான். கம்பி வீலில் டியூப்லெஸ் ஆக்குகிறேன் என்று டேப் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் வெக்கைக்கும் உப்புக்கும் அந்த ஒட்டு நிற்கும் என்று நான் நம்பவில்லை. உங்கள் மாடலுக்கு அலாய் வீலை அதே கம்பெனி தந்தால் அதை வாங்குங்கள்.

டியூப் வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பஞ்சர் ஒட்டி முடித்து இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடியும் இறங்கினால், முதல் முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டியூபை மாட்டுவதற்கு முன் ஒரு பழைய பருத்தித் துணியைச் சுருட்டி டயரின் உள்பக்கம் முழுவட்டமாக இழுங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் பிடித்து இழுக்கும். வெறும் விரலால் தேடினால் முள் விரலில் ஏறும்.

அளவைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 100/90-17 என்றால் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் 17 இன்ச். "ஒரு சைஸ் பெரிசு போட்டா கெத்தா இருக்கும்" என்பார்கள். குறுகலான ரிம்மில் அகல டயர் ஏறினால் ஓரங்கள் உள்ளே மடங்கி, நடுப்பகுதி மட்டும் ரோட்டில் படும். வளைவில் வண்டி திரும்ப மறுக்கும், செயினிலோ மட்கார்டிலோ உரசும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சக்கரத்தின் சுற்றளவு மாறினால் அந்தக் கணக்கும் குழம்பும். அளவை மாற்றாதீர்கள், தரத்தை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துக்குப் பின்னால் முடிகிற நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடாமல் கடையில் கிடந்த டயரும் காய்ந்து வெடிக்கும். பழைய தேதியாக இருந்தால் தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

பிரேக்

அழகுக்குச் செலவு செய்வதற்கு முன் இங்கே வாருங்கள். காலையில் டிஸ்க்கில் மெல்லிய செந்துரு படர்ந்திருப்பது நம் ஊரில் சாதாரணம். முதல் இரண்டு பிரேக்கில் போய்விடும். ஆபத்து, பேடை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பரின் சறுக்குப் பின்னில் இருக்கிறது. அதில் உப்பு ஏறிப் பிடித்துக்கொண்டால் ஒரு பேட் மட்டும் தேயும், பிரேக் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடாகும். பின்னைக் கழற்றித் துடைத்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவ வேண்டும். கிழிந்த ரப்பர் பூட்டையும் கையோடு மாற்றிவிடுங்கள். புது பேட் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மூடியில் டாட் 4 என்றிருந்தால் டாட் 4தான். டாட் 5 சிலிக்கான் வகை, அதை இதோடு கலக்கவே கூடாது. ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ் நல்ல மாற்றம்தான், ரப்பர் ஹோஸ் போல உப்பாது. மேலே பிளாஸ்டிக் உறை போட்ட வகையாக வாங்குங்கள், இல்லையென்றால் பின்னலுக்குள் உப்பும் மணலும் போய் உட்காரும். ஏ.பி.எஸ். வண்டியில் ஹோஸ் மாற்றும் வேலையை மட்டும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை முழுக்க எடுக்க அதற்கென்று முறை உண்டு.

செயின்

மணலும் உப்பும் சேர்ந்தால் செயின் அரைபடும். உங்கள் வண்டியில் சாதாரண செயின் இருந்தால், அதே அளவில் ஓ-ரிங் செயின் கிடைக்குமா என்று கேளுங்கள். உள்ளே கிரீஸை ரப்பர் வளையம் காப்பதால் இந்த ஊருக்கு அதுதான் ஏற்றது. சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். வண்டி ஓடி வந்து செயின் சூடாக இருக்கும்போது உள்பக்கத்தில் செயின் லூப் (செயினுக்கான எண்ணெய் ஸ்பிரே) அடித்து, கொஞ்சம் பொறுத்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கெட்டி கிரீஸைக் கையால் அப்பினால் தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்த் திரும்பும்போது அதில் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

ஸ்பிராக்கெட் பல் எண்ணிக்கையை மாற்றுவது அடுத்த ஆசை. கணக்கு எளிது. முன்னால் 14, பின்னால் 42 என்றால் விகிதம் 3.0. முன்னால் 15 ஆக்கினால் 2.8. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்ஜின் கொஞ்சம் நிதானமாக ஓடும். இரண்டு பேரை ஏற்றி மணலில் ஏறும்போது திணறும். கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளில் மீட்டர் தவறாகக் காட்டும். என் கருத்தில் புதிதாக வருகிறவர்கள் இதைத் தொட வேண்டாம். செயினை மாற்றும்போது இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

லைட், வயரிங்

இரவில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஆடு, மாடு, பின்லைட் இல்லாத டிராக்டர் எல்லாம் வரும். கூடுதல் லைட் வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் நான் பார்த்த எரிந்த வண்டிகளுக்கெல்லாம் காரணம் வயரிங்தான். அதனால் இதை நிதானமாகச் செய்வோம்.

முதலில் கரண்ட் கணக்கு. 20 வாட் லைட் இரண்டு என்றால் 40 வாட். 12 வோல்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர். அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் சரி. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அதனால் சார்ஜிங்குக்கு மிச்சம் குறைவு. லைட் மாட்டியதும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் நல்லது. எல்லாம் எரியும்போது 13க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் பேட்டரி மெல்லச் சாகும், சின்ன லைட்டுக்கு மாறுங்கள். ஹெட்லைட் பல்பிலும் இதே எச்சரிக்கை: 35 வாட் போட்ட இடத்தில் 100 வாட் போட்டால் சாக்கெட் உருகும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃபியூஸை வையுங்கள். லைட் பக்கத்தில் வைத்தால் நடுவே வயர் உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் காப்பாற்றாது. அங்கிருந்து ரிலேயின் (சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) 30ஆம் எண் முனைக்கு. 87ஆம் முனையிலிருந்து லைட்டுக்கு. 85ஆம் முனை எர்த். 86ஆம் முனைக்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒரு வயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக இழுங்கள். சாவியை எடுத்ததும் லைட் தானாக அணைய வேண்டும். லைட்டின் கறுப்பு வயரைப் பெயிண்டு மேல் திருகாமல் நேராகப் பேட்டரி நெகடிவுக்குக் கொண்டுபோங்கள். துருவுக்கு நடுவே எர்த் எடுத்தால் நாலு மாதத்தில் லைட் மினுங்க ஆரம்பிக்கும்.

வயர் வாங்கும்போது வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கேளுங்கள். படகு எஞ்சின் வேலை பார்க்கிற எலெக்ட்ரீசியன்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாம்பன், மண்டபம் பக்கம் அவர்களிடம் கேட்பதே நல்லது. சாதாரண செம்பு வயரில் உப்பு ஈரம் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். வெளியே பார்த்தால் வயர் நன்றாக இருக்கும், சீவிப் பார்த்தால் உள்ளே கறுத்திருக்கும். இணைப்பில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே நிற்காது. ஒட்டும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டினால் பசை இரண்டு ஓரமும் கசியும். அப்படிக் கசிந்தால்தான் தண்ணீர் புகாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடவில்லை என்று தெரிந்த பிறகே டேங்கை மூடுங்கள்.

லைட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள். எதிரே வருகிற பஸ் டிரைவரின் கண் கூசினால், அந்த இருட்டில் அவர் குருடாகத்தான் வருகிறார். எதிரே வண்டி தெரிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

காற்று, மணல், பாரம்

பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அதே காற்று பைக்கையும் பக்கவாட்டில் தள்ளும். உயரமான விண்ட்ஷீல்டும் பின்னால் உயரத் தூக்கிய டாப் பாக்ஸும் சேர்ந்தால் தள்ளல் இன்னும் கூடும். சின்ன வைசர் போதும். சாமான் ஏற்றுவதற்குப் பக்கவாட்டுப் பைகள் நல்லவை, பாரம் தாழ்வாக இருக்கும். சைலன்சரில் படாமல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

மீன் பெட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் செயின் மேலும், பின் சக்கரத்து டிரம் மேலும், சில நேரம் டயர் மேலும் விழுகிறது. டயரில் விழுந்தால் நீங்களும் விழுவீர்கள். மூடிபோட்ட வடிகால் உள்ள பெட்டியாக வாங்கி, ஏலக்கூடத்திலோ சந்தையிலோ நிறுத்திய பிறகு வடித்துவிடுங்கள். அன்றைக்கே பின்பகுதியை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

முன் ஃபோர்க்குக்கு ரப்பர் கெய்ட்டர் (மடிப்பு மடிப்பான உறை) போடுவது மலிவான, அருமையான மாற்றம். உப்பு பட்டு ஃபோர்க் குழாயில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். அந்தக் குழிகள் ஆயில் சீலைக் கிழிக்கும். ஆயில் ஒழுகி டிஸ்க்கில் படும். கெய்ட்டர் இதையெல்லாம் தடுக்கும். மாதம் ஒருமுறை கீழே இறக்கி உள்ளே ஈரம் நிற்கிறதா என்று பார்த்துத் துடைக்க வேண்டும். ஹேண்டில்பாரை உயர்த்துகிறவர்கள் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு கடைசி வரைக்கும் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் நீளம் போதவில்லை, அப்படியே ஓட்டக்கூடாது.

ஃபில்டரும் சைலன்சரும் வேண்டாம்

திறந்த ஏர் ஃபில்டர் நம் கரைக்கு ஒத்துவரவே வராது. தனுஷ்கோடி மணல் மாவு மாதிரி. அது உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும், ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். கம்பெனி ஃபில்டரையே வைத்து, கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்னதாகவே மாற்றுங்கள்.

2020 ஏப்ரலிலிருந்து வரும் பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளின் சைலன்சர் வெறும் குழாய் அல்ல, அந்தப் பாதையில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் இருக்கின்றன. அதை எடுத்தால் இன்ஜின் லைட் எரியும், புகைச் சான்றிதழ் கிடைக்காது. சத்தம், புகை விதிகளை மீறியதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்; உரிமமும் மூன்று மாதம் போகும். இதையெல்லாம் விட, பச்சைக் குழந்தையும் பெரியவர்களும் தூங்குகிற தெருவில் நடுராத்திரி வெடிக்கிற சத்தத்தை யாரும் ரசிப்பதில்லை. துருப்பிடித்த சைலன்சரைச் சுரண்டி, 600 டிகிரி தாங்கும் சிலிக்கான் பெயிண்டு அடித்தால் புதிது போல ஆகிவிடும்.

கடையில்

சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்காத அக்சசரீஸ் இல்லை, மதுரையிலும் நிறையக் கடைகள் உண்டு, ஆன்லைனிலும் வரும். எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். கம்பெனி பார்ட்ஸ் என்றால் பெட்டியில் பார்ட் நம்பர், விலை, தயாரித்த மாதம், ஹாலோகிராம் பாருங்கள். பிரேக் பேட், லீவர், கேபிள், பேரிங் ஆகியவற்றில் டூப்ளிகேட் அதிகம். அவற்றில் விலை பேசி மிச்சம் பிடிக்க வேண்டாம். கிராஷ் கார்டு வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள். "ஸ்டெயின்லெஸ்" என்று விற்றது காந்தத்தைப் பலமாக இழுத்தால் அது பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. பெயிண்டு அடித்த இரும்பானால் வெல்டிங் இணைப்பிலும் குழாய் முனையிலும் துரு முதலில் கிளம்பும். மாட்டுவதற்கு முன்பே அந்த இடங்களில் துத்தநாக பிரைமர் அடித்துவிடுங்கள்.

கழற்றிய பழைய பார்ட்ஸைத் துடைத்து, எண்ணெய் தடவி, பாலித்தீன் பையில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது அவை வேண்டும். விலை உயர்ந்த அக்சசரீஸ் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லிப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள், சொல்லாவிட்டால் விபத்தில் அதற்குப் பணம் வராது. ஹெல்மெட் எப்போதும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும்.

மாட்டிய பிறகு

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள். ஒன்றை மாட்டி, ராமநாதபுரம் போய் வருகிற தூரமாவது ஓட்டிப் பாருங்கள். சத்தமோ ஆட்டமோ வந்தால் எதனால் என்று உடனே தெரியும். புது பேட் போட்டால் முதல் சில கிலோமீட்டர் காலி ரோட்டில் மெதுவாகப் பல தடவை பிரேக் பிடித்துப் பழக்குங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நீங்கள் கை வைத்த ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதியுங்கள். சோதித்த போல்ட்டின் தலையிலிருந்து கவர் வரைக்கும் பெயிண்டு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த வாரம் கழுவும்போது கோடு நேராக இல்லையென்றால் அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது.

தனுஷ்கோடி போய் வந்தாலோ, வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போய் வந்தாலோ, அன்று மாலையே நல்ல தண்ணீரில் அலசி, ஒரு சுற்று ஓட்டிக் காயவைத்து, செயினுக்கு எண்ணெய் அடித்துவிட்டு மூடுங்கள். மூடுகிற கவர் காற்றோட்டம் உள்ள துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாயை ஈர வண்டி மேல் இறுக்கிக் கட்டினால் உப்பும் ஈரமும் உள்ளேயே நிற்கும்.